நெல்லிவற்றலும் எண்ணூறு மீற்றரும்

மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: நோயாளி ஒரு கிழமை பொறுப்பான், விளையாட்டுக்காரன் விடியும்வரைகூடப் பொறுக்கமாட்டான். சிங்கப்பூரில் இருபது வருடம் ஆங்கில மருந்து விற்றுவிட்டு, நாற்பத்தேழு வயதில் திருகோணமலைக்குத் திரும்பித் துறைமுகத்தடியில் நாட்டு மருந்துக்கடை திறந்தவன் நான். என்னைப்போல் விளையாட்டுக்காரரிடம் அகப்பட்டவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

கிடைக்காத குளிசை

நிலாவெளிச் சரோஜாவுக்குத் தபால் கந்தோரில் வேலை. பின்னேரங்களில் எண்ணூறு மீற்றர் ஓடுவாள். மாவட்டத் தெரிவுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. முதல் இரண்டு பேருக்கு மட்டும் தேசியப் போட்டிக்குக் கொழும்புக்குப் போக இடம். ஓடின மறுநாள் தொடை கல்லாகிவிடுகிறது என்று, விற்றமின் குளிசை பற்றிய ஆங்கிலச் சஞ்சிகைத் தாளோடு வந்தாள். குளிசை இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். அந்தச் சத்து நெல்லியிலும் உண்டென்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அரைமணித்தியாலம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் சரி ஐயா. நாளைக்குக் காலமை எனக்குப் படியிறங்க ஏலுமோ, அதைச் சொல்லுங்கோ."

முற்காப்பு

நெல்லிவற்றல், கொத்தமல்லி, மரமஞ்சள் போட்டு நான் கொடுத்த கசாயத்தில் சரோஜாவுக்கு நோவு குறைந்த கதை கிண்ணியாவுக்கும் போய்விட்டது. அங்கிருந்து உதைபந்தாட்டக் கோல்காப்பாளர் ஜவாத் வந்து ஒரு கிழமைக்கு வாங்கிப்போனார். பிறகு கண்டபோது, பயிற்சி எப்படி என்று கேட்டேன். பயிற்சிக்கே போகவில்லையாம், கசாயம் மட்டும் ஒழுங்காகக் குடித்தாராம். "களைப்பப் போக்குற மருந்துதானே அண்ணன்? நான் களைக்கிறதுக்கு முந்தியே போக்கிட்டன்."

சுடுதண்ணீர்ப் போத்தல்

தெரிவு நாளன்று காலையில் முதற்சுற்று, பின்னேரம் இறுதி ஓட்டம். முதற்சுற்று முடிய சரோஜாவுக்கு நிற்கவே ஏலவில்லை. சூடு ஆறாமல் சுடுதண்ணீர்ப் போத்தலில் கொண்டுபோன கசாயத்தைக் கொடுத்து, வேப்பமரத்தடியில் படுக்கச் சொன்னேன். பக்கத்தில் மூதூர்ப் பெண் ஒருத்தி கெண்டைக்காலைப் பிடித்தபடி கிடந்தாள். இறுதி ஓட்டத்தில் சரோஜாவுக்கு எதிராக ஓடப்போகிறவள். மிச்சக் கசாயத்தை அவளுக்கு நீட்டினாள் சரோஜா. வெறும் போத்தலை வாங்கி மூடியை இறுக்கித் திருகினேன்.

மூதூர்ப் பெண் முதலாவது. அரை அடி பின்னால் சரோஜா, இரண்டாவது. இரண்டு பேருக்கும் கொழும்பு. மூச்சு வாங்க வந்தவளிடம், ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். "தெளிவை நான் குடிச்சுப்போட்டு அவளுக்கு அடியிலை கிடந்த மண்டியைத்தான் குடுத்தனான், ஐயா. கொழும்பிலை எனக்கு மண்டியைத் தாங்கோ."

அந்த இரண்டு பிள்ளைகளும் மூன்று மணித்தியாலம் நிழலில் அசையாமல் படுத்துக்கிடந்ததைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை, ஏனென்றால் வேப்ப நிழலைப் பொட்டலம் கட்டி விற்க ஏலாது.