செய்தவர் பெயர் இல்லாத வாக்கியம்

குன்னூர் மிஷன் ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் அறையின் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இஸ்திரி போட்ட விரிப்புகளின் சூடு இன்னும் ஆறாத அந்த அறையில்தான் எங்களுக்கு ஜெர்மன் பாடம் நடக்கும். ஒருநாள் மதர் அதில் ஒரு வாக்கியம் எழுதினார். ‘டேர் பாட்சியென்ட் விர்ட் கெவாஷன்.’ நோயாளி குளிப்பாட்டப்படுகிறார். மதர் ஜெர்மனிக்காரக் கன்னியாஸ்திரி, கோயமுத்தூரில் தமிழ் படித்தவர். “புரியுதுங்களா?” என்று எங்களைப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த அண்ணி கையைத் தூக்கினாள். “யாரு குளிப்பாட்டுறது மதர்?” மதர் சிரித்துக்கொண்டே, “நீங்கதானுங்க. அது எல்லாருக்கும் தெரியும், அதனால சொல்ல வேண்டியதில்லை” என்றார். மற்ற பெண்களும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. கண்டிச் சீமைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டின் அடுத்தடுத்த காம்பராக்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அண்ணியின் பெயரோ கல்யாணத்துக்கு முன்பே அவள் அப்பா இந்தியாவுக்குப் போட்டிருந்த மனுவில் இருந்தது. திருத்தக் கேட்டு அலைந்ததெல்லாம் வீணாயிற்று. அம்மாவுக்கும் எனக்கும் இந்தியா என்று வந்தது. அவளும் நானும் அம்மாவும் கப்பலேறினோம். அண்ணன் துறைமுகம்வரை வந்து நின்றார். பின்னாலேயே வந்துவிடுவதாகச் சொன்னார். மண்டபம் முகாமிலிருந்து எங்களை நடுவட்டத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். குளிரும் லயமும் பழகியவைதான். ஆனால் பஜாரில் எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்றார்கள். அங்கே இந்தியாக்காரர்கள் என்று பெயர்.

அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. அப்போதுதான் குன்னூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் பெண்களில் சிலரை ஜெர்மனியில் முதியோர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணியும் நானும் அங்கே ஆயா வேலைக்குச் சேர்ந்தோம். பாஷையில் தேற வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். அண்ணிக்கு வேறு கணக்கு. இந்த நாடும் வேண்டாம், அந்த நாடும் வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒன்றுக்குத் தான் போய்விட்டால் அண்ணனையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள். ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள், அந்த ஒரு நினைப்பில் வாய் ஓயாமல் படித்தாள்.

மற்றதெல்லாம் அவளுக்கு வந்தது. செயப்பாட்டுவினைதான் தகராறு செய்தது. ‘விர்ட்’டுக்கு மூலமான ‘வெர்டன்’ என்ற வினை தனியாக நின்றால் ‘ஆவது’ என்று அர்த்தம். வெறும் வினையோடு சேர்ந்தால் இனி நடக்கப்போவதைச் சொல்லும். முடிந்த வினையின் உருவத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால், நமக்கு நேர்வதைச் சொல்லும். தமிழில் ‘படு’ சேர்ப்பதுபோல என்று மதர் விளக்கினார். அண்ணி என் காதோரம், “பட்டது போதாதா புள்ள, பேச்சுலயும் படணுமா?” என்றாள். எங்கள் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கப்பல்ல ஏத்திட்டாங்க, லயத்துல விட்டுட்டாங்க என்போம். யார் என்று சொல்லாவிட்டாலும் அந்த ‘ஆங்க’வில் யாரோ சிலர் இருப்பார்கள்.

அண்ணி எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஃபோன் மிர்’ என்று சேர்த்துவிடுவாள். ‘என்னால்’ என்று அர்த்தம். நோயாளி என்னால் குளிப்பாட்டப்படுகிறார், படுக்கை என்னால் விரிக்கப்படுகிறது. இலக்கணம் சரிதான், ஆனால் அங்கே யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று மதர் அந்தச் சொல்லை அடித்துவிடுவார். மறுநாள் அண்ணி மறுபடியும் எழுதுவாள். வார்டில் கிழவர்களின் முதுகைத் துடைத்துக்கொண்டே, ஃபோன் மிர், ஃபோன் மிர் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அது பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் பனிக்காலத்தில் லீவுக்கு நடுவட்டம் போயிருந்தோம். பக்கத்து லயத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. எங்கள் பழைய தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். ஊர்ச் சேதி கேட்க அண்ணி ஓடினாள். நானும் பின்னால் போனேன். அந்தம்மா மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவள், அண்ணி யாரென்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

“ஒனக்குச் சேதி வரலியா தாயி? கலவரத்துல ஒங்க லயத்தக் கொளுத்திட்டாங்க. ஒம் புருசன அடிச்சுப் போட்டுட்டாங்க.”

“யாரு அடிச்சா?” என்றாள் அண்ணி.

“யாருன்னு சொல்லுறது. கும்பலா வந்தாங்க.”

“எங்க பொதைச்சாங்க? யாரு பொதைச்சா?”

“பொதைச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. நாங்க அப்ப காட்டுக்குள்ள ஓடிட்டோம்.”

எந்த நாள் என்றுகூட அந்தம்மாவால் சொல்ல முடியவில்லை. அம்மா தரையில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அண்ணி, கேட்க இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லீவு முடிந்ததும் வழக்கம்போல பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். அந்த வாரம் மதர் இறந்தகாலத்தை ஆரம்பித்தார். ‘விர்ட்’ என்பது ‘வுர்டெ’ ஆகும்; மற்றது மாறாது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். கதவு திறக்கப்பட்டது என்று நான் சொன்னேன். அண்ணி எழுந்து, புதைப்பதற்கு ஜெர்மனில் என்ன வார்த்தை என்று கேட்டாள். மதர் சொன்னார். அண்ணி தடுமாறாமல் சொன்னாள்: ‘எர் வுர்டெ கெஷ்லாகன். எர் வுர்டெ பெக்ராபன்.’ அவர் அடிக்கப்பட்டார். அவர் புதைக்கப்பட்டார். யாரால் என்ற சொல்லே இல்லை. ஒரு பிழையும் இல்லை.

மதரின் முகம் மலர்ந்துவிட்டது. “பாருங்க, இப்பத்தான் சரியா வந்துச்சு” என்றார். அண்ணி உட்கார்ந்தாள். மடித்து வைத்திருந்த விரிப்பு ஒன்றை எடுத்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். அறையைவிட்டு ஓடிப்போக வேண்டும்போல் இருந்தது எனக்கு. நடுவட்டத்திலிருந்து வந்த யாரோ சொல்லி விஷயம் தெரிந்த பிறகு மதர் அண்ணியைத் தேடி வார்டுக்கு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். 

பரீட்சையில் இருவரும் தேறினோம். ஆனால் ஆள் எடுக்க வந்தவர்கள், கல்யாணமான பெண் என்றால் புருஷனின் சம்மதம் வேண்டும், விதவை என்றால் மரணச் சான்று வேண்டும் என்றார்கள். அண்ணியிடம் இரண்டும் இல்லை. மதர் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். நான் மட்டும் போனேன். அண்ணி ஆஸ்பத்திரி வேலையை விட்டு நடுவட்டத்துக்கே திரும்பி, அம்மாவோடு இருந்துகொண்டு கொழுந்து பறித்தாள்.

ஜெர்மனியில் என் காலமெல்லாம் அந்த இலக்கணத்திலேயே போயிற்று. வேலை முடியும்போது எழுதும் குறிப்பு முழுவதும் அதுதான். மருந்து கொடுக்கப்பட்டது, காயம் கட்டப்பட்டது, உடல் எடுத்துச்செல்லப்பட்டது. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். அங்கே நம் பக்கத்து ஆட்கள் யாராவது வருகிறார்களா? பிறகு அகதிகளாக நிறையப்பேர் வந்தார்கள். பார்த்த தமிழர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஒருமுறை எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த டவுன்காரர் ஒருவர் வார்டில் படுத்திருந்தார். அந்தத் தோட்டம் இப்போது காடாகிக் கிடக்கிறது, லயம் இருந்த இடமே தெரியாது, அந்தக் காலத்து ஆட்கள் ஒருவர்கூட அங்கே இல்லை என்றார்.

அடுத்த லீவில் அதை அண்ணியிடம் சொன்னேன். அம்மா அதற்குள் போய்விட்டிருந்தாள். அண்ணிக்கு முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. “அப்ப கேக்குறதுக்கே ஆள் இல்லங்கிற?” என்றாள். இல்லை அண்ணி என்றேன். அதுவரை அண்ணனுக்குத் திதி கொடுக்க அவள் யாரையும் விட்டதில்லை. அந்த அமாவாசைக்கு அவளே என்னை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பவானி ஆற்றங்கரையில் கூட்டமாக இருந்தது. ஆண்பிள்ளை யாரும் இல்லை என்றதும் ஐயர் கொஞ்சம் தயங்கிவிட்டு எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். “எறந்த நாள் தெரியுங்களா?” என்று கேட்டார். “தெரியாதுங்க” என்றேன். “எந்த ஊர்லீங்க அடக்கம்?” “அதுவும் தெரியாதுங்க.” “பேராவது சொல்லுங்கம்மா.”

நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் கையை அழுத்தினாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். ஆஸ்பத்திரியில்கூட அதை என்னைத்தான் சொல்லச் சொல்வாள். இப்போது தண்ணீரைப் பார்த்தபடி அவளே அண்ணனின் முழுப்பெயரை, அவர் அப்பா பெயரோடு சேர்த்து, உரக்கச் சொன்னாள். ஐயருக்குக் கேட்டுவிட்டது. அவர் எள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு முறை சொன்னாள்.