கருகிய ரொட்டியும் படிப்பு வழிகாட்டியும்

என் வீட்டுக்காரருக்கு எதையும் விளக்காமல் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில், முட்டை வேக எவ்வளவு நேரமாகும் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். வெந்த முட்டை ஆறிப்போகும்வரை விளக்கினார். படித்தது புள்ளியியல். வேலை கிடைக்கும்வரை அவருடைய அண்ணன் வீட்டு ஹாலில், யாரும் ஓட்டாத உடற்பயிற்சி சைக்கிளின் அடியில் படுத்திருந்தோம். அதன் கைப்பிடியில் அண்ணி ஈரத் துணி போடுவார். சொட்டுச் சொட்டாக என் நெற்றியில் விழும். வாயைத் திறக்க முடியுமா? அவர்கள் வீடு.

ஆகவே, பல்கலைக்கழக விடுதியில் இவருக்குப் படிப்பு வழிகாட்டி வேலை கிடைத்தபோது எனக்கு வேலையைவிட வீடுதான் பெரிதாகத் தெரிந்தது. மாணவர்கள் தங்கும் கட்டடத்திலேயே, தரைத்தளத்தில், இரண்டு அறைகள். சாத்திக்கொள்ள எங்களுக்கென்று ஒரு கதவு. பாடத்தில் சந்தேகம் இருப்பவர்கள் மாலையில் வந்து கேட்பார்கள், இவர் சொல்லித்தர வேண்டும். பேசுவதற்குச் சம்பளமும் கொடுத்து வீடும் கொடுக்கிறார்களே என்று பூரித்துப்போனேன்.

வார்டன் அம்மா முதல் நாளே போட்டு உடைத்தார்.

"இது புதுப் பதவி சார். செமஸ்டர் முடியறதுக்குள்ள பிள்ளைங்க தாங்களா உங்களைத் தேடி வரணும். வரலைன்னா இந்த இடத்தை சைக்கிள் ஸ்டாண்டாக்கிடுவோம். சைக்கிளெல்லாம் மழையில நனையுது."

மறுபடியும் சைக்கிள்! என் தலையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இவர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிஸ்கட் தட்டு வைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஈ ஓட்டினார். ஒரு பெண் வந்தாள். இவர் துள்ளி எழுந்தார். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள். இன்னொருவன் வந்து, "உட்காருங்க, உட்காருங்க" என்று இவர் உபசரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பிஸ்கட்டோடு மறைந்தான். பிறகு இவரே ஆள் பிடிக்கக் கிளம்பினார். சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களிடம் போய், "சராசரில ஏதாவது சிரமம் இருக்கா?" என்று காதோரம் கேட்டால் யார் நிற்பார்கள்? தட்டோடு ஓடினார்கள்.

"ஏங்க, கொஞ்ச நாள் சும்மா இருங்களேன்."

"சும்மா இருந்தா வருவாங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். இவரோடு பேசி ஜெயிக்கவா?

செமஸ்டர் முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை மதியம் அது நடந்தது. டோஸ்டரில் ரொட்டி போட்டார். பிடி சிக்கிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதானே? பிடி ஏன் சிக்குகிறது என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். புகை கிளம்பியது. பதறிப்போய்க் காரிடார் பக்கத்துக் கதவைத் திறந்து, துண்டால் புகையை வெளியே விசிறினார்.

புகை வந்தால் ஜன்னலைத் திற, காரிடார் கதவைத் திறக்காதே, அலாரம் அங்கேதான் இருக்கிறது. விடுதிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் வாரத்தில் கற்கும் பாடம் இது. பாடம் சொல்ல வந்தவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அலாரம் அடித்தால் எல்லாரும் அப்படியே புல்வெளிக்கு வந்துவிட வேண்டும். தீயணைப்புக்காரர் வந்து பார்த்து உத்தரவு கொடுக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. ஒருத்தி தலை நிறைய ஷாம்பூ நுரையோடு வந்தாள். ஒருவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை புள்ளியியல் பரீட்சை, புத்தகமெல்லாம் உள்ளே. கண்ணாலேயே எரித்தார்கள்.

"நான்தான்" என்றார் இவர், கேட்பதற்கு முன்பே. அதோடு விட்டாரா? "மன்னிச்சிடுங்க. ஆனா பாருங்க, தீப்பிடிச்சா அலாரம் அடிக்கும். அலாரம் அடிச்சா தீப்பிடிச்சிருக்குமா? அது வேற கேள்வி!"

எனக்கு மானம் போயிற்று. ஷாம்பூக்காரி முன்னால் வந்தாள்.

"சார், இது அந்த நிகழ்தகவுக் கணக்குதானே? எனக்கு அது மண்டைல ஏறவே மாட்டேங்குது."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இதுக்கு முன்னாடி அலாரத்தை அடிக்க வெச்சவங்க எல்லாம் என் பக்கத்துல வந்து நில்லுங்க."

தயங்கித் தயங்கிப் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நூடுல்ஸ், ஹேர் டிரையர், ஊதுபத்தி.

"இதுல நிஜமாவே தீ வெச்சவங்க?"

போர்வைக்காரன் கையைப் பாதி தூக்கினான். "ஒரு கர்ட்டன் சார். சின்னதுதான்."

வார்டன் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பார்த்தீங்களா? இத்தனை அலாரம், ஒரே ஒரு தீ. இதான் கணக்கு!"

"ஓ!" என்று புல்வெளியே சொன்னது. அதற்குள் வந்து உள்ளே பார்த்து முடித்த தீயணைப்புக்காரரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ நாங்க இத்தனை நாளும் சும்மாதான் வந்துட்டுப் போறோம்னு சொல்றீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

மாலையில் வார்டன் அம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். "இந்த செமஸ்டர்ல எத்தனை பேர் உங்ககிட்ட வந்தாங்க?"

"எல்லாருமே வந்தாங்க. இன்னிக்கு."

"தாங்களா வந்தாங்களா?"

பொய் சொல்லித் தொலையக்கூடாதா என்று மனதுக்குள் கெஞ்சினேன். "இல்லைங்க. அலாரம் அடிச்சுது" என்றார்.

வார்டன் அம்மா டோஸ்டரைப் பறிமுதல் செய்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே பாத்திரங்களைப் பெட்டிகளில் கட்டினேன். கோபம் இவர்மேல் இல்லை. அந்த ஈரத் துணிக்கடியில் மறுபடி படுக்க வேண்டுமே என்றுதான்.

மறுநாள் மாலை கதவு தட்டப்பட்டது. ஷாம்பூக்காரி நின்றாள், சுத்தமான தலையோடு. பின்னால் போர்வைக்காரன் கையில் ஒரு டோஸ்டர். அவனுக்குப் பின்னால் காரிடார் முழுக்கத் தலைகள்.

"அக்கா, சார் இருக்காரா? அந்தக் கணக்கை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. ஜன்னலை நாங்களே திறந்துக்கறோம்."

நாற்காலிகள் போதவில்லை. நான் கட்டி வைத்த பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். இவர் மூச்சு விடாமல் பேச, ரொட்டி வாசம் பிடித்துக்கொண்டு வார்டன் அம்மா வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே அலாரத்தைப் பார்த்தார்.

"இது அடிக்கலையே?"

"இல்லைங்க" என்றேன்.

"சரி, சைக்கிள் நனைஞ்சா நனையட்டும்" என்று சொல்லி, ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

உடனே பெட்டிகளைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் ஒவ்வொரு பெட்டிமேலும் யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.