கீழே இறங்கியதும் ஒரு ரிங்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய பெயரும் படமும் இந்த மலரின் அட்டையில் இருக்கின்றன. அவரைப் பெயர் சொல்லி அழைத்து எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் அண்ணன்தான்.

மறைந்தவரை அஞ்சாநெஞ்சர் என்று எழுதுவது நினைவு மலர்களின் வழக்கம். அப்படி நான் எழுதினால் மலையில் எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணன் பயந்த சுபாவம் உள்ளவர். பாம்புக்கோ பேய்க்கோ அவர் பயந்து நான் பார்த்ததில்லை. ஓடுகிற என்ஜினுக்குத்தான் பயந்தார். ஆயுள் முழுக்க என்ஜினைப் பிரித்துப் பூட்டிப் பிழைத்தவர் அதற்கே பயந்தார் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே இருந்து பார்த்த எனக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் சிற்றூரில் அண்ணன் பிறந்தார். பெற்றோர் சாமை விதைத்தார்கள், புளி உலுக்கினார்கள். நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்த கையோடு போளூருக்கு இறங்கி ஒரு ஜீப் பட்டறையில் சேர்ந்தார். பட்டறையிலேயே படுக்கை, பட்டறையிலேயே சாப்பாடு. என்னைப் படிக்கவைத்ததும் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். தனக்கென்று அவர் கல்யாணம் செய்துகொண்டது அதற்குப் பிறகே. அண்ணி வந்ததும்தான் பட்டறை அவருக்குச் சொந்தமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்கள் வேகக் கார்களை எடுத்துக்கொண்டு நம் மலைச்சாலைக்கு வருவார்கள். வழியில் நின்றுபோன வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்து வந்து சரிசெய்ததில்தான் அண்ணனுக்கு அந்தக் கார்களோடு பழக்கம் ஏற்பட்டது. அப்படி ஒரு பெங்களூர்த் தம்பி ஒருநாள், "அண்ணா, சின்னதா ஒரு சத்தம் வருது, வந்து பாருங்க" என்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மலையிறங்கினார். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கக் கியரைப் படாரென்று இறக்கினார். என்ஜின் அலறியது. உள்ளே ஏதோ உடைந்தது. என்ஜின் நின்றுவிட்டது. அதன் விசை கிடைக்காத பிரேக் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாக இறுகிப்போயிற்று. ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. அண்ணன் கைபிரேக்கை இழுத்துக்கொண்டே மறுகையால் ஸ்டியரிங்கையும் சேர்த்துப் பிடித்துப் பாறைப் பக்கம் திருப்பினார். கார் பாறையில் தேய்ந்துகொண்டே போய் நின்றது. மறுபக்கம் பள்ளம்.

பிரித்துப் பார்த்த கதையை அன்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். என்ஜினின் தலைக்குள் வால்வுகள் ஓயாமல் திறந்து மூடுகின்றன. திறந்துவிடுவது கேம் என்னும் தண்டிலுள்ள மேடுகள். மூடவைப்பது ஸ்பிரிங். வேகத்துக்காகத் தயார்செய்த கார்களில் மேடு உயரம், ஸ்பிரிங் முரடு, சுழற்சியும் அதிகம். அதனால் தேய்மானமும் சீக்கிரம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வால்வு நேரத்துக்கு மூடாது. மேலே வரும் பிஸ்டன் அதை முட்டும். அந்தக் காரில் மேடு தேய்ந்து, ஸ்பிரிங் உடைந்து, வால்வு பிஸ்டனுக்குள் செருகிக்கொண்டு இருந்ததாம்.

"ரெண்டு வாரமா டிக்கு டிக்குன்னு சொல்லிக்கினே இருந்துச்சாம்மா. அந்தப் புள்ள பாட்டப் பெருசா வெச்சிக்கினு ஓட்டினு இருந்திருக்குது" என்றார். போட்ட சோற்றில் கைவைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று என்னைத் தொற்றிக்கொண்ட பயம் இன்றுவரை விடவில்லை.

அன்றிலிருந்து அவர் பட்டறைக்குத் தனிச் சட்டம் வந்தது. வண்டியை முந்தின நாளே விட்டுவிட வேண்டும். காலையில் குளிர்ந்த என்ஜினை அவர்தான் முதலில் ஸ்டார்ட் செய்வார். மூடியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அப்போது யாராவது பேசினால் கெட்ட கோபம் வரும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவரின் வண்டியைத் தொடமாட்டார். ஸ்பிரிங்கை உடையும் முன்பே மாற்றச் சொல்வார். "ஒடஞ்ச பின்னாடி மாத்தறதுக்கு அது இன்னா செருப்பு வாரா?" என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: மலையிலிருந்து இறங்குகிறவர் கீழே சமதளம் வந்ததும் அவருக்கு ஒரு ரிங் விட வேண்டும். பேச வேண்டியதில்லை. அந்த ரிங் வருவதற்குள் அவர் டீ ஆறிப்போகும். நம் மலையில் டவர் கிடைப்பதே பெரிய பாடு. ஒரு ரிங் தாமதமானால் அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டிருப்பார்கள். வாடிக்கையாளர்கள் அவரைப் பயந்தாங்கொள்ளி மெக்கானிக் என்று கிண்டல் செய்தார்கள். ஆனாலும் ரிங் விட்டார்கள்.

என் மகள் பந்தயத்தில் கார் ஓட்டப்போகிறேன் என்றபோது நான் அண்ணனிடம்தான் ஓடினேன், தடுப்பார் என்று நம்பி. அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு, "ஓட்டட்டும்மா. வண்டி நான் கட்டித் தர்றேன். வேற எவன் கட்டினாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றார். எனக்கு யார் கட்டினாலும் தூக்கம் வரவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நுரையீரல் பழுதாகி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பட்டறையைப் பிறரிடம் விட்டுவிட்டு மலைவீட்டுக்கே திரும்பினார். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு வேண்டியவர்களின் வண்டிகளை மட்டும் பார்த்தார். மகளின் காருக்குப் புதுக் கேம் போட்டது அங்கேதான்.

அவளுடையதைப் போன்ற பழைய காலத்து என்ஜினில் புதுக் கேம் போட்டால், அதை முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக ஓடவிடக் கூடாது. உடனே வேகத்தை ஏற்றிக் கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே பிடிக்க வேண்டும். அப்போதுதான் கேமின் மேல் ஆயில் நன்றாகத் தெறிக்கும், உரசுகிற இரும்புகள் ஒன்றுக்கொன்று பழகும். மெதுவாக ஓடினால் முதல் நாளே மேடு தேயத் தொடங்கிவிடும். நம் வழக்கமோ நேர்மாறானது. நல்ல நேரத்தில் சாவியைப் போட்டு, வண்டியைச் சும்மா ஓடவிட்டுத்தான் குங்குமம் வைப்போம், கற்பூரம் சுற்றுவோம். சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கும்வரை அணைக்கமாட்டோம். அணைத்தால் அபசகுனம். இதனால் அண்ணன் பட்டறையில் பூஜை முடிந்த பிறகுதான் சாவி.

மகளின் காருக்குப் பூஜை போட்ட நாளன்று அண்ணனை மருத்துவரிடம் காட்டக் காலையிலேயே போளூருக்கு அழைத்துப் போயிருந்தேன். மகளும் சென்னையிலிருந்து வந்து அங்கே எங்களோடு சேர்ந்துகொண்டாள். மாலையே காரை எடுத்துக்கொண்டு பந்தயப் பயிற்சிக்கு இறங்குவதாகத் திட்டம். பஸ் தாமதமாகிவிட்டது. நாங்கள் மூவரும் வீட்டை நெருங்கியபோது வாசலில் உறவினர்கள் கூடியிருந்தார்கள். மாலை போட்ட கார் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் நின்றுவிட்டார். "எவ்ளோ நேரமா ஓடுது?" என்றார்.

அண்ணி சிரித்த முகத்தோடு வந்தார். "ராகு காலம் வந்துடும்னு சித்தப்பா சாவி போட்டாருங்க. நீங்க வந்து உங்க கையால எடுத்து எலுமிச்சம்பழம் நசுக்கணும்னுதான் நிறுத்தாம வெச்சிருக்கோம்."

அவர்மேல் வைத்த மரியாதையால் அந்த என்ஜின் அவ்வளவு நேரம் ஓடியிருந்தது. அண்ணன் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. முன்மூடியைத் திறந்து காதை வைத்தார். முகம் தெளிந்தது. "சத்தம் இல்ல. தப்பிச்சோம்" என்றார்.

மகள் அவர் பக்கத்தில் குனிந்தாள். "மாமா, டிக்குன்னு வருதே."

"எங்க?"

"இங்கதான் மாமா. உங்க காதுகிட்டயே."

அண்ணன் மறுபடி காதை வைத்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை என்ஜின்மேல் ஊன்றி அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரே கைநீட்டிச் சாவியைத் திருப்பினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் அப்படியே இருந்தன. கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள்.

அப்போதே ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். இரும்புத் துகள் மினுங்கியது. மேல்மூடியைக் கழற்றியதும் மகள் மெல்லிய தகடுகளை வால்வுகளின் இடைவெளியில் செருகி அளந்துகொண்டே வந்தாள். ஒன்றில் மட்டும் இடைவெளி விரிந்திருந்தது. அங்கே கேமின் மேட்டை அண்ணன் நகத்தால் வருடினார். முனை மழுங்கிவிட்டிருந்தது. மாலையில் அந்தக் காரில்தான் அவள் மலையிறங்குவதாக இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனின் பயம் அதோடு நிற்கவில்லை. "எனக்குக் காது போய்டுச்சிம்மா. எப்ப போச்சின்னும் தெரியல. நல்லாருக்குது போன்னு எத்தினி பேர அனுப்பி வெச்சேனோ" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுநாள் காலையிலிருந்து, சமீபத்தில் வண்டி காட்டிவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார். "எனக்குக் காது சரியில்ல. என் பேச்ச நம்பாதீங்க. வண்டியக் கொண்டாங்க, அளந்து பாத்துடலாம்" என்று எல்லோரிடமும் சொன்னார். தொழிலில் பெயர் கெட்டுவிடுமே என்று அண்ணி தயங்கினார். அண்ணன் கேட்கவில்லை. வந்த வண்டிகளை எல்லாம் மகள் அளந்தாள். இரண்டு வண்டிகளில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.

ஒருவர் மட்டும் போனை எடுக்கவேயில்லை. அந்த நாட்களில் அண்ணன் வீட்டில் இருந்தார் என்றே சொல்ல முடியாது. பார்வை எல்லாம் போன்மேல்தான். கடைசியில் போனை எடுக்காத அந்த ஆளே கூப்பிட்டு, "அந்த வண்டிய வித்துட்டேண்ணா" என்று சிரித்திருக்கிறார். "வாங்கினவரு நம்பரக் குடுங்க" என்றார் அண்ணன். புதிதாக வாங்கியவர் வண்டியோடு மலையேறி வந்து காட்டிவிட்டுப் போய், கீழே இறங்கி ரிங் விட்ட பிறகுதான் அண்ணன் வயிறாரச் சாப்பிட்டார்.

வேலூர் மருத்துவமனையில் கடைசி நாட்களில் மூச்சுக்கே போராடினார். அப்போதும் கண்ணைத் திறந்தால், "பாப்பா எறங்கிட்டாளா?" என்பார். என் மகள் அவருடைய கட்டிலருகில்தான் உட்கார்ந்திருப்பாள். "எறங்கிட்டேன் மாமா" என்று சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு விடியற்காலையில் அப்படி மூடிய கண் திறக்கவில்லை.

அமரர் ஊர்தியில் அவரை மலைக்குக் கொண்டுவந்தோம். வாசலில் இறக்கி வைத்ததும் எல்லோரும் விழுந்து அழுதோம். வண்டி என்ஜின் ஓடியபடியே நின்றிருந்தது. மகள் அழுகையை நிறுத்தினாள். எழுந்து ஓட்டுநரிடம் போனாள்.

"அண்ணா, சும்மா ஓட வெக்காதீங்க. நிறுத்திடுங்க" என்றாள்.

"மறுபடி ஸ்டார்ட் ஆவறதுக்கு மக்கர் பண்ணும்மா, அதான்" என்றார் அவர்.

அவள் என்ஜின்மேல் காதை வைத்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"வால்வு அடிக்குதுண்ணா. மெதுவா எறங்குங்க. போளூர்ல காட்டிட்டுப் போங்க. கீழ போனதும் இந்த நம்பருக்கு ஒரு ரிங் விடுங்க" என்றாள்.

அண்ணனைக் குளிப்பாட்டிக் கோடி போர்த்தும்போதும் அவள் போன் கையிலேயே இருந்தது. சாவு வீட்டில் இது என்ன என்று யாரும் கேட்கவில்லை. ரிங் வந்தது. அண்ணி தலையை நிமிர்த்தி, "எறங்கிட்டாரா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் அண்ணனைத் தூக்கினார்கள்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கொள்ளி வைக்க மகன் இல்லாத குறை தெரியாமல் முன்னின்ற பங்காளிகளுக்கும், காது போன மெக்கானிக்கின் பேச்சை மதித்து வண்டியைத் திரும்பக் கொண்டுவந்த வாடிக்கையாளர்களுக்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்த ஊர்தி ஓட்டுநருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லிக்கொள்கிறது.

மகள் இன்னும் பந்தயத்தில் ஓட்டுகிறாள். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. படையல் முடிந்ததும் நீங்கள் எல்லோரும் இதே மலைச்சாலையில் இறங்கப்போகிறீர்கள். சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். இந்த மலரின் பின்னட்டையில் இருப்பது அண்ணனின் பழைய எண். அண்ணி அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச வேண்டியதில்லை. கீழே இறங்கியதும் ஒரு ரிங் விடுங்கள்.