நாக்கைத் தூக்கிக் காட்டு

எனக்கு வலிப்பு வரும். மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டும் வரும். இதைச் சொன்னால் போதும், "ஒழுங்கா போடறியா?" என்று கேட்டுவிடுவார்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட ஒருத்தி கேட்டாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஊர் கேட்டால் தொலையட்டும். அப்பாவே நம்பவில்லையே. கோரமண்டலில் எங்கள் வீட்டில் நானும் அவரும் இரண்டு பேர்தான். அவர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால், தங்கத்தை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று உடம்பெல்லாம் தடவி, வாயைக்கூடத் திறக்கச் சொல்வார்களாம். அதை நினைத்து இன்றைக்கும் திட்டுவார். அதையே எனக்கும் செய்வார். மாத்திரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, "நாக்கத் தூக்கு" என்பார். நாற்பது வயசில் நான் ஆ என்று காட்டிக்கொண்டு நிற்பேன். அப்படியும் வலிப்பு வந்து, நினைவு திரும்பிக் கண் திறந்தால், அவர் முகத்தில் சந்தேகம்தான் தெரியும். துப்பிவிட்டாளோ என்று. கூடவே ஆள் இருந்தும் அப்படி ஒரு தனிமை.

போன மாதம் பெங்களூரில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். அப்பா டீ குடிக்க வெளியே போயிருந்தார்.

"மருந்து ரத்தத்துல சரியா இருக்கும்மா. நீங்க ஒழுங்காத்தான் போடறீங்க. சில பேருக்கு மருந்து கேட்கறதில்ல. மூளைக்குள்ள போற மருந்தை மூளையே வெளிய தள்ளிடுதுன்னு சொல்றாங்க, வேற காரணமும் இருக்கலாம். முழுசா எங்களுக்கே தெரியல. உங்க தப்பு இல்ல."

கெட்ட செய்திதான். எனக்கோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் அப்பாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "இப்பவாவது நம்பறியா நைனா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது சொன்னார்.

"நீ துப்பறேன்னு நெனச்ச வரிக்கும், முழுங்கினா செரியாப்பூடும்னு இருந்துச்சும்மா. இப்ப இன்னா பண்றது?"



மறுநாள் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் மேசைமேல் வைத்துவிட்டு, அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நான் கேட்டது இதைத்தான். விழுங்கினேன். அவர் பேப்பரைவிட்டுத் தலை நிமிரவில்லை, எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன்.

"நைனா, பாரு."