கத்தரிக்காய் மீது போட்ட பழி

சனிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு என் மகள் நிலாவின் சட்டைக் கையில் இரத்தம் பார்த்தேன். பதினைந்து வயதாகும் அவள், தேர்வு நெருங்கினால் முழங்கைத் தோலைப் பிய்த்துக்கொண்டே இருப்பாள். அரிப்புதான் என்று நினைத்து, வீட்டில் கத்தரிக்காய், இறால், முட்டை மூன்றையும் நிறுத்தியிருந்தேன். அவளோ பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவாள். பிய்ப்பதும் கூடிக்கொண்டே போனது.

புண் சீழ் வைத்திருந்தது. சிங்கப்பூர் தெம்பனிஸில் வீட்டருகே இருக்கும் கிளினிக்குக்கு ஓடினோம். மருந்து வைத்துக் கட்டிய தமிழ் டாக்டர் அவளிடமே கேட்டார்: "அரிக்குதாம்மா?"

"இல்ல டாக்டர். டென்ஷன்னா கை தானா போகுது. பசிச்சா இன்னும் மோசம் லா."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாவம் கத்தரிக்காய்! வயிறாரச் சாப்பிட விடுங்க. மனநல கவுன்சிலரையும் பாருங்க, பழக்கத்தை மெல்ல மாத்தலாம்."

இப்போது வேளைக்குச் சாப்பாடு போடுகிறேன். "கையை எடு" என்று கத்துவதில்லை. கையில் வைத்துப் பிசைய ஒரு ரப்பர் பந்தை நீட்டுகிறேன். கவுன்சிலரிடமும் போகிறாள், புண் ஆறிவிட்டது.

அன்று கிளினிக்குக்குக் கடைசியாக, தீவின் மறுகோடி ஜூரோங்கில் வேலையிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர் என் கணவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, நான் என்னத்தைப் பிய்ச்சேன்? எனக்கும் சேர்த்து ஏன் இறாலை நிறுத்துன?" என்றார்.