ஒரு தட்டு, ஒரு டம்ளர்

என்னை வளர்த்துப் படிக்கவைத்த பெரியம்மா அடுத்த வாரம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். தட்டிலும் டம்ளரிலும் பெயர் வெட்டிக் கொண்டுவர இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். இன்று இருவரும் அம்பத்தூர் பாத்திரக் கடைக்குப் போனோம்.

"இன்னா பாப்பா, கல்யாணச் சீரா?" என்றார் பெயர் வெட்டுபவர்.

பெரியம்மாவே சொன்னார்: "எனக்குத்தான் நைனா. வேற ஊடு போறேன்."

"ஒரு தட்டுதானா? யார்னா சாப்ட வந்தா?"

"இவதான் வருவா. அவ தட்ட அவளே எடுத்துகினு வருவா."

இல்லத்தில் பார்வையாளர் நேரம் ஞாயிறு மாலை நான்கு முதல் ஐந்து வரைதான். வெளியாட்களுக்குச் சாப்பாடு கிடையாது. இதெல்லாம் எழுதியிருந்த சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சொல்லத் தைரியமில்லாமல் என் பெயரையும் இன்னொரு தட்டில் வெட்டி வாங்கிவந்துவிட்டேன்.

நாலு மணிக்குச் சோறு சாப்பிடுகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?