ராக்கெட்டை உடைத்தவன் துக்கம் கேட்கப் போனது

1. சும்மா இருக்கும் வேலை

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னை ஒரு கன்சோல் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு திரை, திரையில் ஒரு கோடு, பக்கத்தில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான். ராக்கெட் பாதை மாறி அந்தக் கோட்டைத் தாண்டினால் மூடியைத் திறந்து பொத்தானை அமுக்க வேண்டும். ராக்கெட் வானத்திலேயே வெடித்துவிடும், கீழே இருக்கிற ஊர்கள் பிழைக்கும். இதற்கு ரேஞ்ச் சேஃப்டி என்று பெயர்.

மேலதிகாரி சொன்னார்: "அந்தோணி, ரிட்டையர் ஆகுற வரைக்கும் நீ இதைத் தொடாம இருந்தா நல்ல வேலைக்காரன். தொட்டேன்னா எல்லாரும் உக்காந்து அழணும். புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. சும்மா இருப்பதற்குச் சம்பளம். இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆட்கள் எங்கள் வடக்கனந்தலில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்கள் பி.இ. படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு லாஞ்சுக்கும் முன்னால் பொத்தானின் மேல் சிலுவை போட்டுவிட்டு உட்காருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மனைவி மேரி கேட்பாள்: "இன்னாங்க, இன்னிக்கும் சும்மா குந்திக்கினு வந்துட்டீங்களா?" ஆமாம் என்றால் அவளுக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி. ஊரில் என் பெயர் 'ராக்கெட்டு வுடறவரு'. விடுகிறவன் இல்லை, உடைக்கிறவன் என்று திருத்த எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

2. பொத்தானை அமுக்கிய நாள்

கோவிந்தன் என்னோடு கள்ளக்குறிச்சி பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவன். வெள்ளிமலைக்காரன். வீட்டில் சாமை விவசாயம். அவனும் இங்கேதான், ராக்கெட்டின் செகண்ட் ஸ்டேஜ் எஞ்சின் பிரிவில் இருந்தான். ஒரு வால்வைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக அழுதான். மகளின் காது குத்துக்குக்கூடப் போகாமல் டெஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று முதல் ஸ்டேஜ் சொன்னபடி கேட்டது. இரண்டாவது ஸ்டேஜ் பற்றிக்கொண்டதும் திரையில் ராக்கெட்டின் புள்ளி நெளிந்தது. கடல் பக்கம் போக வேண்டியது கரைப் பக்கம் திரும்பியது. கோட்டைத் தாண்டியது. மூடியைத் திறந்து அமுக்கினேன்.

புள்ளி காணாமல் போனது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கோவிந்தன் எழுந்து நின்றிருந்தான். என்னை ஒருமுறை பார்த்தான். அப்புறம் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

"கரெக்டா பண்ணினே, போய் டீ குடி" என்றார் மேலதிகாரி. கேன்டீனில் எப்போதும் நின்றுகொண்டு குடிக்கிற எனக்கு அன்று ஒரு மேசை முழுவதுமாகக் கிடைத்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை.

கோவிந்தன் லீவு போட்டு மலைக்குப் போய்விட்டான். போனை எடுக்கவில்லை. சில நாள் கழித்து அவன் மனைவி கூப்பிட்டாள். "அண்ணா, வேலைய வுட்டுடறேன்றாரு. யார் சொன்னாலும் கேக்கல. நீங்க ஒரு தபா வந்து சொல்லுங்கண்ணா."

கொன்றவனையே ஆறுதல் சொல்லக் கூப்பிட்டது இந்தக் குடும்பம் ஒன்றுதான்.

3. ஆரஞ்சும் ரொட்டியும்

வெறுங்கையோடு எப்படிப் போவது? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் வாங்குவது என்று பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. மலைப்பாதை வளைவுகளில் சொல்ல வேண்டிய வசனங்களை மனப்பாடம் செய்தேன்.

கோவிந்தன் களத்தில் சாமைத் தாளை உதறிக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். "வா" என்று சொல்லவில்லை. சாவு வீட்டில்தான் அப்படி. எனக்கு வசனம் பாதி மறந்துபோனது.

பையைப் பார்த்தான் கோவிந்தன். "எனக்கு இன்னா, காச்சலா?"

"தோல்விங்கறது..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூட்றா."

மூடினேன். சும்மா இருப்பதில்தான் எனக்கு இத்தனை வருஷப் பயிற்சி ஆயிற்றே.

இன்னொரு பிடி தாளை உதறிவிட்டு அவனே கேட்டான். "கோட்டத் தாண்டுனதும் ஒடனே அமுக்கிட்டியா?"

"ஆமா."

"கொஞ்சம் பாக்கலாம்னு தோணலயா?"

"தோணுச்சுடா. அதான் ஒடனே அமுக்குனேன். பாத்துக்கினே இருந்தா ஒன் மூஞ்சி ஞாபகம் வந்துடும்னு பயம்."

தாளைக் கீழே போட்டான். "நீ அமுக்காம இருந்திருந்தா நானே வந்து ஒன்ன ஒதச்சிருப்பேன். அமுக்குனதுக்கும் ஒதைக்கணும்னு தோணுது. நான் இன்னாதான்டா பண்ணட்டும்?" சொல்லும்போதே உடைந்தான். "எம் பொண்ணு காது குத்துக்குக் கூட நான் போவலடா."

நானும் அழுதேன். தலை நரைத்த இரண்டு ஆட்கள் களத்தில் உட்கார்ந்து அழுவதை அவர்கள் வீட்டு ஆடு பார்த்துக்கொண்டே என் ரொட்டியைத் தின்றது.

அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். வேலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமானது. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நடந்தேன்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "இன்னாடா, சொல்லாம கொள்ளாம போற? இங்க யார்னா செத்தாங்களா?"

திரும்பினேன். கோவிந்தன் வாசலில் நின்றிருந்தான்.

"போய்ட்டு வரேன்டா" என்றேன்.

"போ. திங்கக்கெழம நானும் வந்துடறேன். மிச்சம் இருக்கற வால்வத் தெறந்து பாக்கணும்."

அந்த நாற்காலியில் இப்போது உட்காருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எப்போது அமுக்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கிறது. அமுக்கிய பிறகு யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதில் இல்லை. என்னைப் போல யாராவது கூப்பிடும்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். வசனம் வேண்டாம், பழமும் வேண்டாம். கிளம்பும்போது மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.